சிங்கப்பூரில் எதிர்க்கட்சிக்காரர் எப்படித் தோற்கிறார்? ஜெயரத்தினம் வழியாக ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூர் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "அங்கே எதிர்க்கட்சியே கிடையாது, அதனால்தான் நாடு உருப்பட்டது" என்பார்கள் ஒரு சாரார். "அங்கே தேர்தலே நாடகம், பெட்டியை மாற்றிவிடுவார்கள்" என்பார்கள் மறு சாரார். இரண்டும் தவறு. எதிர்க்கட்சிகள் அங்கே நெடுங்காலமாக இருக்கின்றன. இன்று நாடாளுமன்றத்தில் இருக்கும் பாட்டாளிக் கட்சி 1957இல் தொடங்கப்பட்டது. வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் ஒழுங்காகவே நடக்கின்றன.

வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதால், யாருக்குப் போட்டோம் என்று அரசாங்கம் கண்டுபிடித்துவிடும் என்ற பயம் அங்கே இன்னமும் உண்டு. உண்மையில் எண்ணி முடித்த சீட்டுகளை மூட்டைகட்டி முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு எரித்துவிடுகிறார்கள். ஆகவே பெட்டியைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்க்க வேண்டியது பெட்டியைச் சுற்றியிருக்கும் விதிகளை.

## குடியிருப்போர் சங்கத்தில் இருந்து தொடங்குவோம்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பல ஆண்டுகளாக ஒரே அணிதான் சங்கத்தை நடத்துகிறது. லிஃப்ட் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, கணக்கு சரியாக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் குறை இல்லை. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் மட்டும் பொதுக்குழுவில் எழுந்து எழுந்து கேள்வி கேட்கிறார்.

சங்க விதியில் மூன்று வரிகள் இருக்கின்றன. ஒன்று, அபராதம் வாங்கியவர் நிர்வாகப் பதவிக்கு நிற்க முடியாது. இரண்டு, தனியாக நிற்கக் கூடாது, பிளாக்குக்கு ஐந்து பேராகச் சேர்ந்துதான் நிற்க வேண்டும். மூன்று, சங்கத்துக்கோ சக குடியிருப்பவருக்கோ பாக்கி வைத்திருப்பவரும் நிற்க முடியாது. பிளாக்குக்கு ஐந்து பேராகச் சேர்ந்துதான் நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. பாக்கி வைத்திருப்பவன் கையில் கஜானாவைக் கொடுக்கலாமா? ஆனால் மூன்றும் சேர்ந்து அந்த மூன்றாம் மாடிக்காரர்மீது எப்படி விழுகின்றன என்று பார்த்தால் கதை வேறு. ஓட்டு எண்ணுவதில் ஒரு தில்லுமுல்லும் இல்லாமலேயே அவர் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்க நேரலாம்.

இந்த மூன்று விதியும் ஒரே மனிதரின் அரசியல் வாழ்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. அவர் ஜே. பி. ஜெயரத்தினம்.

## யார் இவர்?

1926இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். வளர்ந்தது மலாயாவின் ஜொகூரில். லண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூர் திரும்பி அரசுச் சட்டப் பணியில் சேர்ந்து, மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்றெல்லாம் இருந்தவர். 1963இல் வேலையை விட்டு வழக்குரைஞரானார். 1971இல் செயலற்றுக் கிடந்த பாட்டாளிக் கட்சிக்குத் தலைமைச் செயலாளர் ஆனார்.

அப்போதைய நிலவரம் முக்கியம். லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி 1959இல் ஆட்சிக்கு வந்தது. 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகள் விசாரணையின்றிக் கைதானார்கள். பிரதான எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் 1966இல் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி, 1968 தேர்தலையும் புறக்கணித்தது. அது அவர்கள் தங்கள் தலையில் தாங்களே போட்டுக்கொண்ட மண் என்பது என் கருத்து. 1968, 1972, 1976, 1980 என நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடமும் ஆளும் கட்சிக்கே போயிற்று.

ஜெயரத்தினம் 1972இல் நின்றார், தோற்றார். 1976இல் தோற்றார். 1977, 1979 இடைத்தேர்தல்களில் தோற்றார். 1980இலும் தோற்றார்.

பிறகு 1981 அக்டோபர் 31. ஆன்சன் தொகுதியின் உறுப்பினர் தேவன் நாயர் அதிபர் ஆகிவிட்டதால் அங்கே இடைத்தேர்தல். ஆன்சன் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. அங்கே பிளேர் பிளெயின் என்ற இடத்தில் துறைமுகக் கழகக் குடியிருப்பில் இருந்தவர்களைக் கன்டெய்னர் முனைய வேலைக்காகக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மாற்றாக வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு முன்னுரிமையும் கிடைக்கவில்லை. வீடு போகிற கோபத்தை விடப் பெரிய தேர்தல் பிரச்சினை எந்த ஊரிலும் கிடையாது. ஆளும் கட்சி வேட்பாளரோ தொகுதிக்குப் புதுமுகம். முடிவு: ஜெயரத்தினம் 7,012, ஆளும் கட்சி 6,359, மூன்றாமவருக்கு 131. வித்தியாசம் 653 வாக்கு. 1968 முதல் ஒரே கட்சி மட்டும் உட்கார்ந்திருந்த மன்றத்தில் ஓர் எதிர்க்கட்சிக்காரர் நுழைந்தார். 1984 பொதுத்தேர்தலில் இன்னும் கூடுதல் வாக்கு விகிதத்தில் அதே தொகுதியைத் தக்கவைத்தார். அதே தேர்தலில் சியாம் சீ டோங் என்ற இன்னொரு எதிர்க்கட்சிக்காரரும் பொத்தோங் பாசிரில் வென்றார்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: மக்கள் நினைத்தால் அங்கே ஆளும் கட்சியைத் தோற்கடிக்க முடியும், அந்த முடிவை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. ஜெயரத்தினம் அதற்குப் பிறகு தன் இடத்தை இழந்தது வாக்குப்பெட்டியில் அல்ல.

## முதல் விதி: அபராதமும் தகுதியிழப்பும்

தகுதியிழப்பு என்றால், வாக்காளர் தேர்ந்தெடுத்த ஒருவரின் பதவி சட்டத்தின் காரணமாகத் தானாகவே காலியாவது. சிங்கப்பூர் அரசியலமைப்பில் அன்று இருந்த வரம்பு இது: ஒரு குற்றத்துக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறை, அல்லது 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம். வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலருக்கு அங்குள்ள தமிழ்ப் பெயர். இரண்டில் ஒன்று வந்தாலும் பதவி போகும், அடுத்த ஐந்தாண்டுக்குத் தேர்தலிலும் நிற்க முடியாது.

இரண்டு வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓராண்டுச் சிறை என்பது பெரிய தண்டனை. 2,000 வெள்ளி அபராதம் சிறிய தண்டனை. இந்த ஏற்றத்தாழ்வில்தான் ஜெயரத்தினம் மாட்டினார்.

கட்சிக்கு வந்த சில நன்கொடைக் காசோலைகளைக் கடன்காரர்களுக்குப் போகாமல் திருப்பிவிட்டார், கட்சிக் கணக்கு குறித்துப் பொய் உறுதிமொழி கொடுத்தார் என்று அவர்மீதும் கட்சித் தலைவர்மீதும் வழக்கு. 1984 தொடக்கத்தில் விசாரித்த நீதிபதி ஒரு குற்றச்சாட்டைத் தவிர மற்றவற்றைத் தள்ளுபடி செய்து, அந்த ஒன்றுக்கு மட்டும் 1,000 வெள்ளி அபராதம் போட்டார். வரம்புக்குக் கீழே, பதவி தப்பியது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. முதலில் விசாரித்த நீதிபதி இதற்கிடையே அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். அதில் அரசின் தலையீடு இல்லை என்று பின்னால் ஒரு விசாரணை ஆணையம் சொன்னது. கடைசியில் 1986 நவம்பரில் வந்த இறுதித் தண்டனை: ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம்.

ஒரு மாதச் சிறையால் அவர் பதவி போகவில்லை, அது ஓராண்டு வரம்பைத் தொடக்கூட இல்லை. பதவியைப் பறித்தது அபராதம்.

இந்தக் குற்றத்தீர்ப்பை அடிப்படையாக வைத்து 1987இல் வழக்குரைஞர் பட்டியலில் இருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். அந்த நீக்கத்தை எதிர்த்து மட்டும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அவரால் போக முடிந்தது. பிரிவி கவுன்சில் என்பது பழைய பிரிட்டிஷ் காலனி நாடுகள் சிலவற்றுக்கு அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த அமைப்பு. 1988இல் அது அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதோடு, செய்யாத குற்றத்துக்காக அவரும் கட்சித் தலைவரும் அபராதமும் சிறையும் பொது அவமானமும் அனுபவித்திருக்கிறார்கள் என்றும் எழுதியது. ஆனால் குற்றத்தீர்ப்பு அதன் முன் இல்லை. ஆகவே அதை ரத்து செய்ய முடியவில்லை. மன்னிப்பு கேட்டு அதிபரிடம் போனார், கிடைக்கவில்லை. வக்கீல் கோட்டு திரும்பி வந்தது, நாடாளுமன்ற இருக்கை வரவில்லை. 1989இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி குறுக்கப்பட்டது, 1994இல் அடைக்கப்பட்டது.

ஐந்தாண்டுத் தடை 1991 நவம்பரில் முடிய இருந்தது. பொதுத்தேர்தல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்றே நடந்துவிட்டது.

## இரண்டாம் விதி: குழுத்தொகுதி

1988இல் வந்த ஏற்பாடு இது. ஒரு பெரிய தொகுதியில் ஒரே கட்சியைச் சேர்ந்த பலர் ஓர் அணியாக நிற்பார்கள். வாக்காளர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை, அணியைத் தேர்ந்தெடுக்கிறார். ஜெயிக்கும் அணியில் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர். முதலில் மூன்று பேர், பிறகு நான்கு முதல் ஆறு வரை போனது. அணியில் குறைந்தது ஒருவராவது மலாய், இந்தியர் போன்ற சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். சீனர் பெரும்பான்மையான நாட்டில் சிறுபான்மையினருக்கு இடம் உறுதி செய்யவே இது என்கிறது அரசாங்கம். அந்தக் கவலை பொய்யானது அல்ல. ஆனால் சீனர் மிகுந்த ஆன்சனில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் இரண்டு முறை வென்ற பிறகு வந்த விதி என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சின்னக் கட்சிக்கு இதில் என்ன சிரமம்? தகுதியான ஒருவரைத் தேடிப் பிடிப்பதே பாடு; நாலைந்து பேரை ஒரே நேரத்தில், சிறுபான்மையினர் ஒருவரோடு சேர்த்து நிறுத்த வேண்டும். ஆளும் அணிக்கு ஒரு மூத்த அமைச்சர் தலைமை தாங்குவார். புதுமுகங்கள் அவர் நிழலில் உள்ளே வந்துவிடுவார்கள்.

1992 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பிரதமர் கோ சோக் டோங் தன் சொந்தத் தொகுதியான மரீன் பரேடில் இடைத்தேர்தலை அறிவித்தார். ஜெயரத்தினத்துக்குத் தடை முடிந்திருந்த நேரம். நான்கு பேர் அணி தேவை. வேட்புமனு நாளன்று பாட்டாளிக் கட்சியின் அணியில் ஒருவர் வந்து சேரவில்லை. மூன்று பேரால் மனுக் கொடுக்க முடியாது. ஜெயரத்தினமும் மற்ற இருவரும் நின்ற இடத்திலிருந்தே திரும்பினார்கள். தனியாள் தொகுதியாக இருந்திருந்தால், வராதவரைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

இதோடு எல்லைக்கோடும் சேர்ந்துகொள்கிறது. தொகுதி எல்லைகளைப் பிரதமர் நியமிக்கும் அதிகாரிகள் குழு வரைகிறது, அறிக்கை தேர்தலுக்குச் சற்று முன்புதான் வரும். ஜெயரத்தினம் வென்ற ஆன்சன் 1988 தேர்தலில் வரைபடத்திலேயே இல்லை. 1988இல் எதிர்க்கட்சி 49 விழுக்காட்டைத் தொட்ட யூனோஸ், 1997 தேர்தலில் இல்லை. 1997இல் அவர் அணி 45 விழுக்காடு வாங்கிய செங் சான், 2001இல் இல்லை. மக்கள்தொகை நகர்வுதான் காரணம் என்பது அதிகாரபூர்வ விளக்கம். புதுக் குடியிருப்புகள் முளைத்தபடியே இருக்கும் ஊரில் அது ஓரளவு உண்மையும்கூட.

சுருக்கமாக: குழுத்தொகுதி எதிர்க்கட்சியைத் தடை செய்வதில்லை, நுழைவுக் கட்டணத்தை ஏற்றுகிறது. 1991, 1997, 2001 மூன்று தேர்தலிலும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் போட்டியே இல்லாததால், வேட்புமனு நாளிலேயே ஆளும் கட்சி ஆட்சியை உறுதி செய்துகொண்டது.

## நடுவில் ஒரு ஆறுதல் நாற்காலி

தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் நிறைய வாக்கு வாங்கியவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் தரும் முறை 1984இல் வந்தது. தொகுதியில்லா உறுப்பினர் என்று இவர்களைச் சொல்வார்கள். பேசலாம், கேள்வி கேட்கலாம். அரசியலமைப்புத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில் அப்போது வாக்களிக்க முடியாது. (2016இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முடியும்.) செங் சானில் தோற்ற ஜெயரத்தினம் 1997இல் இப்படித்தான் மன்றத்துக்குத் திரும்பினார்.

## மூன்றாம் விதி: பேச்சு, கடன், திவால்

அவதூறு என்பது ஒருவர் பெயருக்குக் களங்கம் வரும்படி பொய்யானதைப் பலரறியச் சொல்வது. இதில் இருவகை. ஒன்று குற்றவியல்; ஜெயில் வரை போகும். மற்றது உரிமையியல், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் தலைவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள்மீது போட்டவை இந்த இரண்டாவது வகை. "எங்கள் நேர்மைதான் எங்கள் மூலதனம், அதில் கைவைத்தால் நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும்" என்பது அவர்கள் தரப்பு வாதத்தின் சாரம்.

1988 தேர்தல் கூட்டத்தில் ஜெயரத்தினம் பேசியது பற்றி லீ குவான் யூ தொடுத்த வழக்கில் 2,60,000 வெள்ளி இழப்பீடு. 1997 செங் சான் கூட்டம் இன்னும் நுட்பமானது. அணித்தோழர் டாங் லியாங் ஹோங் பிரதமருக்கும் அவர் ஆட்களுக்கும் எதிராகப் போலீசில் இரண்டு புகார் கொடுத்து, அவற்றைத் தன்னிடம் தந்திருக்கிறார் என்று ஜெயரத்தினம் மேடையில் அறிவித்தார். புகாரில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த அறிவிப்பே பிரதமர் ஏதோ குற்றம் செய்ததுபோல் தொனிக்கிறது என்பது வழக்கு. உயர் நீதிமன்றம் 20,000 வெள்ளி என்றது. மேல்முறையீட்டில் அது 1,00,000 ஆனது.

ஆனால் அவரைக் கடைசியில் வீழ்த்தியது பிரதமர் வழக்கு அல்ல, ஒரு தமிழ்க் கட்டுரை. 1995இல் பாட்டாளிக் கட்சியின் செய்தியிதழில், அந்த ஆண்டுத் தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களைக் கடுமையாகச் சாடிய தமிழ்க் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் வேறொருவர், ஜெயரத்தினம் இதழின் ஆசிரியர். ஏற்பாட்டுக் குழுவினர் வழக்குப் போட்டார்கள். ஆசிரியர், எழுதியவர், கட்சி என அனைவரும் பிரதிவாதிகள். இழப்பீடு இரண்டு லட்சம் வெள்ளிக்கும் மேல். அவர் தவணையாகக் கட்டி வந்தார். தவணைகளில் ஒன்று ஒரு நாள் தாமதமானது. 2001 ஜனவரியில் அவரைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தது.

திவால் என்பது கடனைக் கட்ட இயலாதவர் என்று நீதிமன்றம் அறிவித்து, அவர் சொத்தையும் வருமானத்தையும் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வைப்பது. அந்த நிலையிலிருந்து விடுபடாதவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது. சங்கிலி இப்போது முழுசாகத் தெரிகிறதா? பேச்சிலிருந்து வழக்கு, வழக்கிலிருந்து கடன், கடனிலிருந்து திவால், திவாலிலிருந்து காலி நாற்காலி. "அரசை விமர்சித்ததால் பதவி பறிக்கப்பட்டது" என்று எந்தத் தீர்ப்பிலும் ஒரு வரி இருக்காது, தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொரு கண்ணியும் தனியாகப் பார்த்தால் மற்ற நாடுகளிலும் உள்ள சட்டம்தான். மேல்முறையீடு தோற்றதும் 2001 நடுவில் அவர் தொகுதியில்லா உறுப்பினர் இடத்தையும் இழந்தார்.

வயது எழுபத்தைந்து. திவாலானவர் வழக்குரைஞராகவும் தொழில் செய்ய முடியாது. தான் எழுதிய புத்தகத்தை ரயில் நிலைய வாசல்களில் நின்று தானே கூவி விற்றார். அந்த வழியாகப் போன பலருக்கு அவரை நேரில் பார்த்த ஞாபகம் அதுதான். 2007 மே மாதம் 2,33,255 வெள்ளி சொச்சம் கட்டித் திவாலிலிருந்து மீண்டார். 2008இல் சீர்திருத்தக் கட்சி என்று புதுக் கட்சி தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று இதயச் செயலிழப்பால் காலமானார், வயது 82.

## அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தது

பாட்டாளிக் கட்சியில் அவருக்கு அடுத்து வந்த லோ தியா கியாங் அவருக்கு நேர் எதிர் குணம். 1991இல் ஹவ்காங்கில் வென்று, தொகுதியை விட்டு நகராமல் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். நிரூபிக்க முடியாத எதையும் மேடையில் சொல்லாதவர். வழக்குக்கு இடம் கொடுக்காமல் கட்சியை வளர்த்தார். 2011இல் அல்ஜூனிட் குழுத்தொகுதியில் அவர் அணி வென்றது. எதிர்க்கட்சி ஒரு குழுத்தொகுதியைப் பிடித்தது அதுவே முதல் முறை. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ அங்கே தோற்றார். ஐந்து பேர் ஒன்றாக ஜெயிக்கும் விதி, ஐந்து பேரை ஒன்றாகத் தோற்கடிக்கவும் செய்யும் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஜெயரத்தினம் கதவை உடைக்கப் பார்த்தார், லோ பூட்டுக்கேற்ற சாவி செய்தார் என்று ஒப்பிடுவோர் உண்டு. முதலாமவர் இல்லாமல் இரண்டாமவருக்குத் தொண்டர் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்.

2020இல் செங்காங் குழுத்தொகுதியும் கிடைத்தது. மன்றத்தில் 93 இடங்களில் பத்து. ஆளும் கட்சிக்கு வாக்கு 61 விழுக்காடு, இடமோ 93இல் 83. முந்தியவருக்கே முழு இடம் என்ற வாக்கு முறையில், ஆதரவு தீவு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருந்தால் இப்படித்தான் வரும். இதற்குத் தில்லுமுல்லு தேவையில்லை. அந்த ஆண்டு பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டார்.

முதல் விதியும் மாறியிருக்கிறது. பணமதிப்பு மாறிவிட்டதால் 2,000 வெள்ளி என்ற அபராத வரம்பு 2022இல் 10,000 ஆக உயர்ந்தது. 2025 பிப்ரவரியில், நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டில் பிரித்தம் சிங்குக்குத் தலா 7,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால் 14,000. ஆனால் வரம்பு ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவது. ஆகவே பதவி போகவில்லை. பழைய வரம்பு இருந்திருந்தால் அன்றே போயிருக்கும். மூன்று மாதம்கூட ஆகாமல் மே 3 அன்று பொதுத்தேர்தல் வந்தது. பிரித்தம் சிங் அல்ஜூனிடில் மறுபடி நின்றார், அவர் அணியே வென்றது.